வேர் பிடிக்காத மூன்றாவது கன்று

“மூண்டாவதும் போகப் போகுது, அண்ணை.” அஞ்சலீனா சாடியை இரண்டு கையாலும் ஏந்தி, காய்ச்சல்காரப் பிள்ளையை டொக்டரிடம் நீட்டுவதுபோல் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

சாடிக்குள் ஒரு சாண்கூட இல்லாத கஞ்சாக் கன்று. தபாலில் வந்து பத்தொன்பது நாளாகியும் ஒரு இலைகூடப் புதிதாய் விடவில்லை. இருந்த இலைகளும் நுனி கருகிச் சுருண்டிருந்தன.

அருமைராசா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த மனுசன். மொன்றியலுக்கு வந்தபின், அனுமதி பெற்ற கஞ்சாத் தோட்டமொன்றில் தாய்ச்செடியில் கொப்பு வெட்டி வேர்விட வைப்பதுதான் ஒன்பது வருசமாக வேலை. சரக்கு மாறினாலும் தொட்டு மணந்து பார்க்கிற புத்தி மாறவில்லை.

“அவள் சொல்லுறதை என்ன கேக்கிறியள் அண்ணை, என்னட்டைக் கேளுங்கோ!” சோபாவில் கிடந்த அவள் புருசன் யோசெப் கத்தினார். “சட்டி பானை கழுவத் தெரியாதவள் மரம் வளக்கப் போறாளாம்!”

லாசால் பக்கம் பஸ்ஸால் இறங்கும்போது ஐஸில் சறுக்கி விழுந்து, அவருக்கு முதுகும் தோளும் போய்ப் பதினாலு மாசம். கை எழும்பாத மனுசனுக்கு வாய்தான் கை. நோக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கியதால், மருந்துக்கென்று வீட்டில் இரண்டு செடி வளர்க்க டொக்டர் கடிதம் கொடுத்து, அனுமதியும் எடுத்தாயிற்று.

“போன வருசம் கடையிலை ஒரு போத்தல் கஞ்சா எண்ணெய் வாங்கினனாங்கள். யானை விலை. எண்டாலும் அது முடியுமட்டும் ரெண்டு கிழமை எழும்பி நடந்தனான், அண்ணை. கையும் தலைக்கு மேலை போனது. கேளுங்கோ இவளை!”

“ஓம், போனது,” என்றாள் அஞ்சலீனா. தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றாள்.

அருமைராசா விசாரணையைத் தொடங்கினார்.

“வெளிச்சம்?”

“பதினெட்டு மணித்தியாலம். லைற் ஒரு முழ உயரத்திலை.”

“குளிர்?”

“ஜன்னல் பக்கமே வைக்கிறேல்லை. அடியிலை சூட்டுப் பாய்.”

“தண்ணி?”

“விரல் விட்டுப் பாத்து, மேல்மண் காய்ஞ்சால்தான்.”

“பசளை?”

“வேர் பிடிக்குமட்டும் போடாதை எண்டு நீங்கள்தானே சொன்னியள்.”

ஒன்றிலும் பிழை இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. எல்லாக் கேள்விக்கும் மறுமொழி வைத்திருக்கிற கடைக்காரனிடம் அவர் முதலில் தராசுப் படிக்கல்லைத்தான் தூக்கிப் பார்ப்பார்.

சாடியைக் கவிழ்த்து மண்ணோடு கன்றைக் கையில் எடுத்தார். வெள்ளையாய்ப் பின்னிக் கிடக்கவேண்டிய வேர், நாலு மண்ணிற நூலாய் வெந்துபோய்த் தொங்கியது. சாடி விளிம்பில் மெல்லிய வெள்ளைப் படை. மண்ணை ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

“உப்பு!”

“உப்போ?” என்றார் யோசெப்.

அஞ்சலீனா தலையைக் குனிந்தாள். “தீர்த்தம் ஊத்தினனான், அண்ணை. இவருக்குச் சுகம் வரோணும் எண்டு நேர்த்தி வைச்சு, வெள்ளிக்கு வெள்ளி கோயிலாலை கொண்டுவந்தனான். அந்த வெள்ளைக்காரச் சாமியார் பழைய முறைக்காரர். உப்புப் போட்டுத்தான் தண்ணியை மந்திரிப்பார்.”

“விசரி! எட, விசரி!” சோபா அதிர்ந்தது. “மாதாவையும் கூட்டிவந்து என்ரை மருந்தைக் கெடுத்துப் போட்டாளே!”

அருமைராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விடும் தம்பி. பக்தி கூடினாலும் வேர் அவியும். இனிப் பைப் தண்ணி மட்டும்தான். நாலாவது கன்றுக்கு இண்டைக்கே சொல்லிவிடுறன். நானே வந்து நட்டு, ஒண்டுவிட்ட ஒருநாள் வந்து பாக்கிறன். நாலு மாசத்திலை பூ, பேந்து எண்ணெய். கோடைக்கு நீர் எழும்பி நடக்கிறீர்.”

“கேட்டியோடி? நடப்பனாம்!”

அஞ்சலீனா அருமைராசாவின் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வெளியே லிப்ட் பொத்தானை அமத்திய பிறகுதான் அவர் முகத்திலிருந்த சிரிப்பை இறக்கினார்.

“தங்கச்சி, என்ரை நாக்கு இருபது வருசம் உப்போடை சீவிச்சது. தீர்த்தத்திலை கிடக்கிறது ஒரு நுள்ளு. அந்த மண்ணிலை இருக்கிறது சுறாக் கருவாட்டுக்குப் போடுற அளவு.”

அவள் கோட்டை நீட்டினாள்.

“மூண்டுக்கும் நீதான் போட்டனி, என்ன?”

தலை மெல்ல ஆடியது.

அருமைராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்த மனுசன் இரவு பகலாய் நோவிலை துடிக்குது. கட்டின பெண்சாதி எண்டு ஒரு சொட்டு இரக்கமும் இல்லையோ உனக்கு?”

லிப்ட் வந்து, கதவு திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது. அஞ்சலீனா திரும்பி வீட்டுக் கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினாள்.

“நோ மாறினால் அடி தொடங்கும், அண்ணை.”