ஓர் எழுத்து வித்தியாசம்

மரப்பட்டறைச் சுவரில் கரி படிந்த இடத்துக்குப் பக்கத்தில் புது சுவிட்ச் போர்டை மாட்டி முடிக்கிறான் அவளுடைய கொழுந்தன். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. ரம்ப மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டை ஒரேயடியாக இழுக்கும். பழைய பிரேக்கர் தாங்காமல் விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கும். "விழுந்துருச்சு, தூக்கி விடு" என்று கணவன் கத்துவான். அவள் ஓடிவந்து தூக்கிவிடுவாள். அவள் வெளியே போயிருந்த ஒரு நாள், பொறுமை இழந்து, பிரேக்கரை ஒதுக்கிவிட்டு நேராக ஒயரைக் கொடுத்துவிட்டான். கட்டை சிக்கி மோட்டார் புகைந்தபோது கரண்ட்டை நிறுத்த எதுவும் இல்லை. பட்டறையில் பாதி மிஞ்சியது; அவன் மிஞ்சவில்லை. இப்போது அவள் உள்ளங்கையில் ஓரம் கருகிய பழைய பிரேக்கரும் புதியதும் அருகருகே இருக்கின்றன. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" "ஆம்பியர் ஒண்ணுதான் அண்ணி. எழுத்தப் பாருங்க. பழசு சி, இது டி. மோட்டார் கிளம்புற இழுப்ப இது தாங்கிக்கும். கட்டை சிக்கிக்கிட்டு நின்னா இதுவும் விழுந்துரும்." "இது எங்க கெடைக்கும்?" "எல்லாக் கடையிலயும் இருக்கு." "ம்" என்கிறாள். புதியதை எடுத்துப் பொருத்திவிட்டு, தள்ளிப் போய் மோட்டார் பொத்தானை அமுக்குகிறான். பல்பு ஒரு கணம் மங்குகிறது, மோட்டார் முனகுகிறது, ரம்பம் வேகம் பிடிக்கிறது. அவளுடைய வலது கை அதற்குள் போர்டை நோக்கி உயர்ந்துவிட்டது. "அதான் விழலையே அண்ணி" என்று சத்தத்துக்கு மேல் கத்துகிறான் கொழுந்தன். கை அங்கேயே நிற்கிறது.