புள்ளி இல்லாதவள்

ஒரு காட்டில், ஆற்றோர மரத்தின் ஒரே கிளையில் இரண்டு ஆர்க்கிட் செடிகள் ஒட்டி வளர்ந்தன. ஒரே குடும்பம், இனம்தான் வேறு. இரண்டும் வெள்ளையாகவே பூத்தன. இளையவளின் கீழிதழில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

வருகிற தேனீயிடமெல்லாம் மூத்தவள் முந்திக்கொள்வாள். "அவளும் நானும் ஒண்ணில்ல. எனக்குப் புள்ளி கிடையாது, நல்லாப் பார்த்துக்கோ."

"சொந்தம்தானேக்கா?" என்பாள் இளையவள்.

"தூரத்துச் சொந்தம்" என்று மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆடிக்காற்றில் பாதிக் கிளை முறிந்து, இளையவள் ஆற்றோடு போய்விட்டாள்.

மறுவருஷம் புதிதாக ஒரு தேனீ வந்தது. "யாரும்மா நீ?"

"புள்ளி இல்லாதவ."

"என்ன புள்ளி?"

காட்டுவதற்காகப் பழக்கத்தில் இளையவள் இருந்த பக்கம் திரும்பினாள். முறிந்த கிளைதான் நின்றது.

"சிவப்பா இருக்கும்," என்றாள், "என் தங்கச்சிக்கு."