இடி வைத்த தீ

கோடை இடி விழுந்து மேற்குச் சரிவில் தீப்பற்றியபோது, அதை அணைக்க வேண்டாம் என்றாள் வனச்சரகர் எஸ்தர். ஆளுயரத்துக்கு மண்டிக்கிடந்த உண்ணிச்செடிப் புதர் இந்தச் சின்னத் தீயில் எரிந்தால் புல் முளைக்கும், மான் திரும்பும். எரியாமல் சேர்ந்துகொண்டே போனால், என்றாவது ஒரு பெருந்தீ வந்து மரங்களையே தின்றுவிடும். இப்படி எரியவிட, மேலதிகாரிகளிடம் வருடக்கணக்கில் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தாள்.

ஆட்களோடு மறுபக்கத்தில் தீத்தடுப்புக்கோடு வெட்டிக்கொண்டிருந்தவள், புகை சட்டென்று வெளுப்பதைக் கண்டு ஓடி வந்தாள். அடிவாரத்து ஊரே பச்சைக் கிளைகளோடு ஏறி வந்து தீயை அடித்து அணைத்திருந்தது. உண்ணிச்செடி ஒரு ஓரம் மட்டும் கருகி, அப்படியே நின்றது.

"நல்லவேளைங்க மேடம், புகையப் பாத்ததும் ஓடியாந்துட்டோம். இல்லீன்னா மலையே போயிருக்குமுங்க," என்றார் விவசாயி சென்னியப்பன். அவருடைய புருவம் பொசுங்கி, உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"யாரு உங்கள..." என்று கிளம்பிய சொல்லை எஸ்தர் விழுங்கிக்கொண்டாள். எல்லா முகங்களும் ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தை எடுத்து அவர் கையில் தடவினாள்.

"எரியுதா?"

சென்னியப்பன் சரிவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக்கூட இல்லீங்க மேடம்," என்றார் பெருமையாக.