மூன்றாம் விதைப்பு

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சொரிமுத்து வரப்பை நோக்கி வருவதைப் பார்த்ததும் செல்லக்கிளி கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடினாள்.

அதுவரை அவள் அந்தச் சட்டியால் நிலத்தில் தேங்கிய தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வாரியதைவிட வேகமாக மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டதால் மோட்டார் வைத்து இறைக்கவும் வழியில்லை.

மாசி மாதத்தில் இப்படி ஒரு மழையை அவள் பார்த்ததில்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மதியச் சோற்றில் கை வைப்பதற்குள் ஆழ்வார்திருநகரிப் பக்கம் வானம் கறுத்து, ஊற்றத் தொடங்கிவிட்டது.

இந்த வருஷம் ஒரேயடியாக விதைக்க வேண்டாம் என்று முடிவு செய்தது அவள்தான். நிலத்தை மூன்றாகப் பிரித்து, மாதக் கணக்கில் தள்ளித் தள்ளி வெண்டையும் சீனியவரையும் போட்டாள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்குமே என்று ஒரு நப்பாசை.

கார்த்திகையில் போட்டது தண்ணீர் கட்டி அழுகியது. தையில் போட்டது முளைத்த கையோடு வெயிலில் கருகியது.

கடைசியாகப் போட்டது இப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. அதன் மேல்தான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் நிலத்துத் தண்ணீர், பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் சொரிமுத்துவின் நிலம் வழியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். சொரிமுத்து அவள் கணவனின் அண்ணன். முந்தின வருஷம் ஐப்பசியில் கொட்டிய மழையில் அவள் கணவன் மகாராஜா, கேட்காமல் வரப்பை வெட்டிவிட்டான். அண்ணனின் கத்தரி முழுக்க மூழ்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் மண்ணை வெட்டிப் போட்டு வரப்பை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மகாராஜா தச்சநல்லூரில் லோடு ஆட்டோவோடு நின்றான். கொஞ்சம் முன்னால்தான் போனில் கத்தினான்.

"அவன் கையில மம்பட்டி இருந்தா நீ கிட்ட போவாத. நான் வாரேன், கேட்டியா?"

அவன் வந்து சேருவதற்குள் பயிர் போய்விடும்.

சொரிமுத்து வரப்பின் மேல் ஏறி நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அவள் நிலத்தைப் பார்த்தார். இலைகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

இன்னும் மண் வைத்து உயர்த்தப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வைவதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மம்பட்டியை ஓங்கிவிட்டார்.

மம்பட்டி இறங்கியது. மறுபடியும் இறங்கியது. வரப்பு மண் அவர் பக்கமாகச் சரிந்தது.

தண்ணீர் இரைந்துகொண்டு அவர் நிலத்துக்குள் பாய்ந்தது.

அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் அலறினாள்.

"அத்தான், அங்கன வெத கெடக்குல்லா! காலம்பறதான போட்டீய!"

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு வேற வெத இருக்கு. ஒனக்கு மொளச்சிட்டுல்லா."

வரப்பு உயர்ந்த பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

முங்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. வரப்புக்கு அந்தப் பக்கம், அவர் அன்று காலையில் கட்டிய பாத்திகள் கரைந்து தண்ணீரோடு ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. தூரத்துப் பாத்திகள் மட்டும் இன்னும் மூழ்கவில்லை.

செடிகளின் தண்டு வெளியே தெரிந்த உடனே செல்லக்கிளி உடைப்பில் இறங்கி, குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் முதுகில் மோதித் திரும்பியது.

"எந்திரி, செல்லக்கிளி. இன்னும் வடியணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் சேற்றை வாரித் தன்னைச் சுற்றி அணைத்தாள்.

காலையில், வெயிலில் நின்று அவர் இருந்த ஒரே விதைப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறியதையும், தையலில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டை விரலால் சுண்டி எடுத்ததையும் அவள் பார்த்திருந்தாள்.