கேட் சத்தம்

கடைசியாக வருகிறவர்தான் கேட்டைச் சாத்த வேண்டும். வசந்தம் வந்தால், வேலிக்கு வேலி கேட் வைத்த வயல்வெளிப் பாதையில் நாள்கணக்காக நடக்கும் அந்த மூன்று சிநேகிதர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. தொந்தி புண்ணியத்தில் அந்த வேலை எப்போதும் தையல்காரருக்குத்தான்.

"ஆளையே காணோமேடா," என்றார் டிரைவர். "காலையிலேயே நெஞ்சு அடைக்குதுன்னான்."

"சோம்பேறிக்கு நெஞ்சும் அடைக்கும், காதும் அடைக்கும்," என்றார் முன்னால் போன எலக்ட்ரீசியன்.

பின்னால் 'டங்'கென்று கேட் சாத்தும் சத்தம்.

"கேட்டியா? வந்துட்டேதான் இருக்கான்."

டிரைவருக்கு மனசு லேசானது. அடுத்தடுத்த கேட்டுகளிலும் அதே சத்தம் கேட்டது.

கடைசிக் கேட்டைத் தாண்டியதும் ஷூ லேஸ் கட்ட டிரைவர் அங்கேயே குனிந்தார். திறந்தபடி விட்ட கேட், யாரும் தொடாமலே மெல்லத் திரும்பி வந்து, 'டங்'கென்று தானாகச் சாத்திக்கொண்டது.

"பாத்தியா, வந்துட்டான்," என்றார் எலக்ட்ரீசியன், திரும்பிப் பார்க்காமலே.