தையல்காரருக்கு ஞாயிறு உண்டா?

தொழிலாளர் துறை ஆய்வாளர் தையல்கடைக்குள் நுழைந்த வேகத்துக்கு, தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளே எழுந்து நின்று சல்யூட் அடித்திருக்கும். வார விடுமுறையே தருவதில்லை என்று தையல்காரர் ஒருவர் அவரிடம் போனில் அழுதிருந்தார்.

"லீவு எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

மெஷினில் குனிந்திருந்தவர், கல்லாவிலிருந்த முதலாளியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "லீவா? ஞாபகமே இல்ல சார்."

"மத்த டெய்லருங்க?"

"அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. எனக்கு மட்டும்தான் கிடையாது."

"பாரபட்சம் வேறயா! சம்பளம்?"

"சோறு போடறாங்க சார்."

"ராத்திரியாவது விடறாங்களா?"

"கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அங்கே பாத்திரம் தேய்க்கணும்."

ஆய்வாளரின் ரத்தம் கொதித்த கொதிப்பில் நாலு வேட்டிக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

"ஏம்மா, எங்க துறையே இதுக்காகத்தான் வந்தது! எத்தனை பேர் கொடி பிடிச்சு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் வாங்கின லீவு தெரியுமா? கடைக்குச் சீல் வெச்சிடுவேன்! இந்த அப்பாவியை எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

முதலாளியம்மா நிதானமாக நூலைக் கடித்துத் துப்பினாள்.

"எங்கப்பா பார்த்துக் கட்டிவெச்ச மாப்பிள்ளை சார்."

காற்றுப் போன பலூனாக ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"குடும்பத்து ஆளுங்களுக்கு எங்க சட்டம் செல்லாதேய்யா..."

தையல்காரர் அவர் காதருகே குனிந்தார்.

"தெரியும் சார். அதனாலதான் கூப்பிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி, என்னை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டுடுங்க!"