நூற்றெட்டுத் தேங்காய்

எழுபத்தொன்று டிசம்பர். பாகிஸ்தானோடு போர். அடையாற்றுக்குத் தெற்கே ஒரு கடலோரப் பஞ்சாயத்தின் கூட்டத்தில், ஜவுளிக்கடை ராஜரத்தினம் மேஜையைக் குத்தினார். வார்டு மெம்பரும் அவர்தான்.

"எதிரிக் கப்பல்காரன் நம்ம வெளக்கைப் பார்த்துத்தான்யா குண்டு போடுவான்! எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டணும். கட்டாதவனுக்கு அபராதம்!"

தீர்மானம் நிறைவேறியது. கறுப்பைக் கண்டாலே முகம் சுளிக்கிற மாமிகள்கூட வெள்ளிக்கிழமையில் அவர் கடைக்கு வந்து கிழித்து வாங்கிப் போனார்கள். ராஜரத்தினம் மனைவி பேச்சியம்மாளின் வளையலை விற்று, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து லாரி நிறையக் கறுப்புத் துணி இறக்கினார்.

"சண்டை முடியப்போகுதாமே அண்ணாச்சி?" என்றார் பஞ்சாயத்து கிளார்க் அகஸ்டின்.

"வாயைக் கழுவும் ஓய்! பொங்கல் வரைக்கும் நடக்கணும்னு பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய் நேர்ந்திருக்கேன்."

மறுநாளே ரேடியோ சொல்லிவிட்டது, போர் முடிந்தது என்று. தெருவெல்லாம் வெடிச் சத்தம். ராஜரத்தினம் துணி மூட்டைகளுக்கு நடுவே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பேச்சியம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். "ஏங்க, பிள்ளையார் என் வேண்டுதலைக் கேட்டுட்டாரு! எல்லையில நிக்கிற நம்ம புள்ள உசுரோட வந்திருவான்ல?"

"வருவான், வருவான்" என்று எரிந்து விழுந்தார் ராஜரத்தினம். "பொங்கல் கழிச்சு வந்தா என்ன, குடியா முழுகிப்போயிரும்?"